கத்தி படாத இடம்

தாடைக்குக் கீழே, இடது காதுக்கு நேர் இறக்கத்தில், கத்தி படாமல் விட்டுப்போன இடம் ஒன்று இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான். பெருமாள்சாமியின் விரல் அதைக் கண்டுபிடித்தபோது பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மில் ஆபீஸ் வராந்தாவில் போட்டிருந்த நீள பெஞ்சில், இன்டர்வியூவுக்கு வந்த நாலு பேரில் கடைசி ஆளாகச் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தான். முதலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் தட்டிவிட்டான். போகவில்லை. மறுபடி தடவினான். முடிதான். ஐந்து மாசம் வளர்ந்த தாடியில் ஒரு துணுக்கு, மற்ற முகம் முழுக்க மொழுமொழுவென்று இருக்க, அது மட்டும் அப்படியே நின்றது. அந்தச் சலூன்காரன் பார்க்காமல் விட்டிருக்கிறான். வெளியூர்க்காரன்தானே, திரும்பியா வரப்போகிறான் என்று விட்டிருக்கிறான். ஓடிப்போய் எடுத்துவிட்டு வந்துவிடலாமா என்று நினைத்தான். சலூன் பஸ் நிலையத்துக்குப் பக்கம். இங்கிருந்து ஒன்றரை மைல். போய்த் திரும்புவதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? கூப்பிட்டு, ஆள் இல்லை என்று எழுதிவிட்டால்? இடது கையை எடுத்துத் தாடையில் வைத்துக்கொண்டான். யோசனையில் இருக்கிறவன் மாதிரி இருக்கும். அப்படியே இருந்துவிடலாம். உள்ளேயும் இப்படியே போய் உட்காரலாம். எத்தனையோ பேர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் பாதித் தாடியோடு வந்தவன் என்று எழுதிவிட்டார்கள் என்றால், வேலைக்காகச் செய்த காரியம் வேலைக்கும் ஆகாமல், அதற்கும் ஆகாமல்… அதற்கு மேல் நினைக்காமல் நிறுத்திக்கொண்டான். நிறுத்திய இடத்திலேயே நினைப்பு நின்றது. எட்டேகால் மணி. கத்தி முகத்தில் பட்டது எட்டேகால் மணிக்கு. சலூன் கண்ணாடிக்கு மேலே கடிகாரம் இருந்தது, அதைப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் சவரம் செய்யக்கூடாது, முடி வெட்டக்கூடாது, பிணத்துக்குத் தோள் கொடுக்கக்கூடாது. இதெல்லாம் பெருமாள்சாமிக்கு எல்லாரையும்போலத் தெரியும். முதல் தடவை அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டாளி கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டியிருந்தது. தாடியோடு எப்படி நிற்பது என்று போய் முழுச்சவரம் செய்துகொண்டான். குருவம்மாவுக்கு அப்போது ஏழாவது மாசம், தாய்வீட்டில் இருந்தாள். சவரம் செய்த ஒன்பதாம் நாள் ஆள் வந்து சொன்னது. அவன் போய்ச் சேர்வதற்குள் குழந்தையைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. குருவம்மா மட்டும் ஒரே ஒரு தடவை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, தலையைத் தூக்காமலே, “அன்னிக்கு நீங்க சவரம் பண்ணாம இருந்திருக்கலாம்” என்றாள். அதோடு சரி. அவள் இன்னொரு தடவை சொன்னால் சண்டை போடலாம், அதெல்லாம் மூடத்தனம் என்று கத்தலாம் என்று எத்தனையோ நாள் காத்திருந்தான். அவள் சொல்லவே இல்லை. சொல்லாததனால் அந்தச் சொல் வீட்டுக்குள்ளேயே எங்கோ இருந்தது, பரணில் வைத்த சாமான் மாதிரி. இந்தத் தடவை நாள் தள்ளிப்போன அன்றைக்கே அவன் ரேசரைத் துணியில் சுற்றி ஜெயமேரி அக்காவிடம் கொடுத்துவிட்டான். பக்கத்து வீட்டு அக்கா. என்ன தம்பி, நான் வச்சு என்ன செய்ய, எனக்கா தாடி வளருது என்று சிரித்தாள். வாங்கி வைத்துக்கொண்டாள். குருவம்மா தாய்வீட்டுக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அங்கேதான் முதல் பிள்ளை போனது, அந்த வீட்டு வாசலில் இனி வயிற்றோடு மிதிக்கமாட்டாள். இப்போது ஏழாவது மாசம். இதே ஏழாவது மாசம்.

உள்ளே முதல் ஆளைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தபோது பஞ்சின் மணம் வந்தது. வெயிலில் காய்ந்த பஞ்சுக்கும் கிடங்கில் அடைந்த பஞ்சுக்கும் வேறு வேறு மணம். இது கிடங்குப் பஞ்சு. அந்த மணம் மூக்கில் ஏறியதும் ஒரு நிமிஷம் உடம்பு தானாக நிதானப்பட்டது. கோவில்பட்டியில் பதினோரு வருஷம் அவன் இந்த மணத்துக்குள்தான் இருந்தான். கமிஷன் மண்டியில் மூட்டை புரட்டப் போனவன். எஜமான் பஞ்சை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பதை ஓரத்தில் நின்று பார்த்துப் பார்த்து, யாரும் சொல்லித்தராமல், கீழே சிந்தியதை எடுத்து இழுத்து இழுத்துக் கற்றுக்கொண்டான். கருங்கண்ணிப் பஞ்சு எது, கம்போடியாப் பஞ்சு எது, மழையில் நனைந்து காய்ந்தது எது, இழை எத்தனை நீளம், எல்லாம் இரண்டு கட்டைவிரலுக்குள் வந்துவிட்டது. எஜமான் இறந்து, பிள்ளைகள் மண்டியைப் பாகம் பிரித்து, வருகிற மாசத்தோடு கதவை அடைக்கிறார்கள். அதற்குப் பிறகு மூட்டை புரட்டத்தான் போகவேண்டும், முப்பத்து மூன்று வயசில். இந்த மில்லில் பஞ்சு செலக்டர் வேலை. கடிதம் வந்த அன்று குருவம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள்; ஏன் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றாள். கிளம்பும்போது அவன் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: “தாடியோடயே போங்க. ஏன்னு கேட்டாகன்னா சொல்லுங்க. பிள்ளத்தாச்சி வீட்ல இருக்கான்னு சொல்றதுக்கு என்ன வெக்கம்?” ஒரு வெட்கமும் இல்லை என்றான். தாடிக்கு அவளே தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவி, சீப்பால் சீவியும் விட்டாள்.

காலையில் கோயம்புத்தூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி அரைமணி நேரத்துக்குள் எல்லாம் மாறிப்போனது. டீக்கடையில் நின்றுகொண்டிருந்தவனை ஒரு போலீஸ்காரர் கூப்பிட்டு எங்கேயிருந்து வர்றே, பையில் என்ன என்று கேட்டார். கடிதத்தைக் காட்டினான். கடிதத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார். இந்த மூஞ்சியோடவா வேலை கேட்டு வந்திருக்கே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான், அவர் வேறொன்றும் செய்யவில்லை. டீக்கடையில் நின்ற பெண் ஒருத்தி தன் பிள்ளையை அந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டாள். அவளும் வேண்டுமென்று செய்ததல்ல, கை தானாக நகர்த்தியது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். ஊரில் இந்தத் தாடியைப் பார்த்தால் பெண்கள் சிரிப்பார்கள், குருவம்மாவுக்கு என்ன பிடிக்கிறது, புளிப்பா இனிப்பா என்று கேட்பார்கள். இங்கே இந்தத் தாடிக்கு அர்த்தம் வேறு. யாருக்கும் தெரியாத ஊரில் தாடி வெறும் தாடிதான். ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொல்லவா முடியும்? சொன்னாலும், மாசமாக இருக்கிறவளைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் மத்தியில் வாய்விட்டுச் சொன்னால் கண் படாதா? ஒருமுறை போனதுபோலவே… சலூன் பலகையில் மயில்சாமி என்று எழுதியிருந்தது. அவன் வயசே இருக்கும் மயில்சாமிக்கு. துணியைக் கழுத்தில் கட்டிவிட்டு, தண்ணீரைத் தொட்டுத் தாடியில் தடவிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டான்: “ஊட்ல உண்டாயிருக்கறாங்களா?” சலூன்காரர்கள் எல்லாரும் கேட்கிறதுதான், கேட்காமல் கத்தி வைக்கமாட்டார்கள். இல்லை என்றான் பெருமாள்சாமி. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவனுக்குக் கஷ்டமாகவே இல்லை. அதுதான் இப்போது பயமாக இருந்தது. கத்தி கொஞ்சம் தயங்கியது. பிறகு இறங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் பேச்சுக் கொடுத்தார். ரங்கராஜ் என்று பெயர், திருப்பூர் பக்கம், ஏற்கெனவே இரண்டு மில்லில் வேலை பார்த்தவர். வேலை இங்கே இல்லை, ராய்ச்சூர் பக்கத்தில் மில்லுக்குக் கிடங்கு இருக்கிறது, அங்கேயே தங்கிப் பஞ்சு வாங்கி அனுப்ப வேண்டும், அத்துவானக் காடு, பாஷையும் வேறே என்றார். “கல்யாணம் ஆனவனை எடுக்க மாட்டானுங்க. அவன் பொண்டாட்டிக்குத் தலைவலின்னாலும் லீவு கேப்பான்ல? உங்களுக்கு ஆயிருச்சுங்களா?” என்று கேட்டார். பெருமாள்சாமி தாடையில் வைத்த கையோடு தலையை ஆட்டினான். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நல்லவேளை அந்த நேரத்தில் மில் சங்கு ஊதியது. அடிவயிற்றில் இருந்து கிளம்பினது மாதிரி அத்தனை சத்தம். அவனுக்குத் தெரியாமலே கை தாடையைவிட்டு இறங்கி வயிற்றைப் பிடித்தது. ரங்கராஜ் பார்த்துவிட்டாரோ? உடனே கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனான். மேலே எங்கிருந்தோ பஞ்சுத் தூசி இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் விழுந்த இடத்தில் மட்டும் தெரிந்தது. சவரம் செய்த கன்னத்தில் வியர்வை ஈரத்தில் ஒன்றிரண்டு இழை ஒட்டின. தட்டினால் நகர்ந்து வேறு இடத்தில் ஒட்டின. இப்போது மணி பத்தே முக்கால். குருவம்மா குழாயடிக்குப் போகிற நேரம். இரண்டு குடம் மட்டும் போதும் என்று சொல்லியிருந்தான், சரி என்றிருந்தாள். ஆனால் அவன் இல்லாதபோது மூன்றாவது குடமும் எடுப்பாள். குழாயடிக் கல் பாசி பிடித்த கல். ஜெயமேரி அக்கா பார்த்துக்கொள்வாள். அக்கா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கப் போகிறவள், பத்து மணிக்கே போய்விடுவாளே. இதை ஏன் நேற்றே நினைக்கவில்லை? நேற்று தாடி இருந்தது. தாடி இருந்தவரை கல்லும் பாசியும் குடமும் வெறும் கல்லும் பாசியும் குடமுமாகத்தான் இருந்தன. ஒன்பது நாள் என்று நினைத்தான். இன்று முதல் நாள். இன்னும் எட்டு. அல்லது இன்றைக்கே… இல்லை, எட்டு.

அவனைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு ஆகப்போனது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் டை கட்டிய மேனேஜர், சின்ன வயசு. மற்றவர் வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்ட வயசானவர். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது, அதைத் தட்டிவிடாமலே உட்கார்ந்திருந்தார். மில்லுக்குப் பஞ்சு வாங்குவது அவர் பொறுப்பு என்று ரங்கராஜ் சொல்லியிருந்தார். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தான், கை தாடையில். மேனேஜர் பல்வலியா என்று கேட்டார். ஆமாம் சார் என்றான். சொன்னதும் கீழ்ப்பல் ஒன்று உண்மையிலேயே வலிக்கத் தொடங்கியது போலிருந்தது. எத்தனை வருஷ அனுபவம், எந்த மண்டி, எந்த எந்தப் பஞ்சு கையாண்டது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பதில்கள் வந்தன. அவன் குரல்தான், ஆனால் கொஞ்சம் தள்ளியிருந்து கேட்டது. பிறகு தலை நிமிராமல், வீட்டில் யார் யார் என்றார். “அம்மா மட்டும் சார்.” பேனா எழுதியது. அம்மா இறந்து நாலு வருஷம். பேனா எழுதுகிற சத்தம் நின்றபிறகுதான் அவன் செய்தது அவனுக்கே தெரிந்தது. செத்துப்போனவளை வீட்டுக்குள் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு, உயிரோடு இருக்கிறவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டான். வயிற்றோடு நிற்கிறாள். கையில் குடம். சும்மா யாருமில்லை என்று சொல்லியிருக்கலாமே. அம்மாவை ஏன் இழுத்தான்? அம்மா பெயர் வந்ததும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன நாள் வந்தது, தோளில் பச்சை மூங்கில் அழுத்தியது, பிணத்துக்குத் தோள் கொடுக்கக்கூடாது என்பதும் கூடவே வந்தது. ஆனால் அது அப்போது, இது இப்போது. இரண்டையும் அவனே இன்றைக்கு ஒன்றாகச் சேர்த்துவிட்டானோ? உள்ளங்கை நனைந்துவிட்டது. நனைந்த கையில் பஞ்சு பேசாது. இந்தக் கையோடு எப்படிப் பார்ப்பது?

மேஜைமேல் பழுப்புத் தாளில் சுற்றிய மூன்று பொட்டலத்தை வைத்து, பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். பஞ்சு பார்க்க இரண்டு கையும் வேண்டும். தாடையைவிட்டுக் கையை எடுத்தான். வேட்டியில் துடைத்தான். மறுபடி துடைத்தான். முதல் பொட்டலத்தில் இருந்து ஒரு பிடி எடுத்து, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து இழுத்தான். இழுத்ததை மடக்கிச் சேர்த்து மறுபடி இழுத்தான். இழை இழையாக நேராகி, சீவின முடிபோல வந்து விரல் நுனியில் நின்றது. அப்போது பயம் இல்லை. எங்கே போனதென்று தெரியவில்லை, போயிருந்தது. நாலைந்து நிமிஷம் அவன் கோவில்பட்டியிலும் இல்லை, கோயம்புத்தூரிலும் இல்லை. முதலாவது கம்போடியா, நல்ல காய்ச்சல், இழை ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட என்றான். இரண்டாவது கருங்கண்ணி, மழை பார்த்தது, நூற்றால் அறுந்துபோகும் என்றான். மூன்றாவதை மூன்று தடவை இழுத்தான். இது ஒரே பஞ்சில்லை சார், கம்போடியாவில் கருங்கண்ணி கலந்திருக்கு, நாலில் ஒரு பங்கு இருக்கும், தெரிஞ்சு கலந்தது என்றான். மேனேஜர் வயசானவரைப் பார்த்தார். வயசானவர் பஞ்சைப் பார்க்கவில்லை. பெருமாள்சாமியின் தாடைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக, நிறுத்தி, சாவகாசமாகப் பார்த்தார். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது. பாதிச் சவரத்தோடு வந்தவன். கையைத் திரும்பக் கொண்டுபோகலாமென்றால் விரல் முழுக்கப் பஞ்சு. அவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்: “தம்பி, ஊட்ல யாரெல்லாம் இருக்கறாங்க?”

ஒரு தடவை கேட்டு எழுதியாகிவிட்டது. மறுபடி ஏன் கேட்கிறார்? மாற்றிச் சொல்கிறேனா என்று பார்க்கிறார். ரங்கராஜ் உள்ளே வந்தபோது ஏதாவது சொல்லியிருப்பாரோ? வயிற்றைப் பிடித்ததைப் பார்த்தாரே. மாற்றிச் சொன்னால் பொய்யன் ஆகிவிடுவோம். மாற்றாமல் சொன்னால் முதலில் சொன்னது நிற்கும். குருவம்மா சொன்ன வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. முழுசாக, அவள் குரலிலேயே, என்ன வெட்கம் என்பது வரைக்கும் வந்தது. “அம்மா மட்டுங்க” என்றான். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் அவர். அந்தக் குரலில் அதட்டல் இல்லை. அதட்டல் இல்லாததுதான் அவனை இன்னும் மிரட்டியது. வேறு யாருமில்லைங்க என்றான். அவர் மூன்றாவது பொட்டலத்தைச் சுற்றி நூலால் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை போட்டார். மேனேஜர்தான் பேசினார். கை நல்ல கை என்றார், இன்றைக்கு வந்த நாலு பேரில் கலப்பைக் கண்டுபிடித்தது நீங்கள் ஒருத்தர்தான் என்றார். ஆனால் கிடங்கு இருக்கிற இடம் காட்டுக்குள்ளே. தனி ஆளாக அனுப்பிய இரண்டு பேரும் மூன்று மாசம் தாக்குப்பிடிக்காமல் ஓடிவந்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸ் கட்டிவைத்திருக்கிறோம், இந்தத் தடவை குடும்பத்தோடு வந்து தங்குகிற ஆளாகத்தான் எடுக்கிறோம் என்றார். பெருமாள்சாமியின் வாய் தானாகச் சொன்னது: “சார், எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு சார்.” மேனேஜர் பேனாவை மூடினார். “இங்க வந்து உக்காந்தப்புறம் பல்வலி வந்துச்சு. இப்ப கல்யாணமும் ஆயிருச்சா?” என்று சிரித்தார். வயசானவர் சிரிக்கவில்லை. “பஞ்சு நல்லாருக்குன்னு நீங்க அங்கிருந்து ஒரு வார்த்தை எழுதுனா, அதை நம்பி நாங்க இங்க நூறு பேல் பஞ்சு வாங்கோணும், தம்பி. ரெண்டு தடவை கேட்டேன்” என்றார். அவன் எழுந்தான். கும்பிட்டான். கும்பிட்ட கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

வெளியே வெயில். அழுகை வரவில்லை, அவமானமும் அப்புறம்தான் வரும்போலிருந்தது. பயம்தான் முன்னால் நடந்தது. வேலைக்காகத்தானே சவரம் செய்தான், வேலை இல்லை என்றால் அது எதற்காகச் செய்ததாக ஆகும்? ஏதாவது ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கும். கொடுத்தது மட்டும்தான் நடந்தது. ரோட்டில் எல்லாரும் அவசரமாகப் போனார்கள். ஒரு கர்ப்பிணி ரிக்‌ஷாவில் போனாள், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தன் கண் பட்டுவிடக்கூடாது என்று. சலூன் வாசலில் குப்பைக்கூடை இருந்தது, அதில் முடி இருந்தது, கறுப்பும் வெள்ளையுமாக யார் யாருடையதோ. அவன் எதற்காக அங்கே வந்து நிற்கிறான் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. எட்டேகால் மணிக்கு விழுந்த தன் தாடியைத் திரும்ப வாங்கிப் போக வந்திருக்கிறான். வாங்கி என்ன செய்வது? தெரியவில்லை. ஒரு தாளில் மடித்து வைத்துக்கொள்ளலாம். எஜமானுக்குச் சாம்பிள் பஞ்சு மடிப்பதுபோல மடிக்கலாம். மயில்சாமி எட்டிப் பார்த்தான். அடையாளம் தெரிந்து, சிரித்துக்கொண்டே, நாற்காலியைத் தட்டிப் போட்டான். “தாடைல உட்டுப்போட்டானேன்னு சண்டைக்கு வந்தீங்களாக்கும்? எடுக்கோணும்னா உக்காருங்க.” பெருமாள்சாமி உட்காரவில்லை. வாசற்படியில் நின்றபடியே, அந்த ஊரில் முதல் தடவையாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: “என் சம்சாரம் மாசமா இருக்கா. ஏழாவது மாசம். காலைல நான் இல்லேன்னு சொன்னது பொய்.”

“தெரியுமுங்க” என்றான் மயில்சாமி. துணியை உதறி மடித்தான். “அஞ்சு மாசத் தாடி. அதும் எண்ணெ தடவிச் சீவின தாடி. துக்கத்துல வளத்தவன் எண்ணெ தடவ மாட்டானுங்க, கோயிலுக்கு வளத்தவன் கேட்டா ஒடனே சொல்லீருவான். பின்ன எதுக்கு வளத்திருப்பீங்க?” தெரிந்தும் ஏன் கத்தி வைத்தாய் என்று பெருமாள்சாமி கேட்டான். நீங்கதானுங்க உக்காந்தீங்க, வேண்டாம்னு சொன்னா வேற கடைக்குப் போவீங்க, அங்க முழுசா எடுத்துருப்பாங்க என்றான் அவன். பிறகு கொஞ்சம் தயங்கி, தாடையைத் தொடாமல் விரலால் காட்டினான். அது பார்க்காமல் விட்டதல்ல. அவன் அப்பன் காலத்திலிருந்து செய்கிறதுதான். இப்படிப் பொய் சொல்லிவிட்டு வந்து உட்காருகிறவர்களுக்கு, காதுக்குக் கீழே ஒரு இடத்தில் கத்தி வைக்காமல் விட்டுவிடுவார். முழுசாக எடுக்காதவரைக்கும் அது சவரத்தில் சேராது என்பார். சேராதா என்று கேட்டான் பெருமாள்சாமி. “எனக்கென்னங்க தெரியும்? எங்கப்பன் சொன்னது” என்றான் மயில்சாமி. “இந்தப் பக்கம் பழைய ஆளுகளுக்குத் தெரியும். தாடையப் பார்த்தா, ஊட்ல எத்தனாவது மாசம்னு கேட்டுப்போடுவாங்க.” பெருமாள்சாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். சட்டையில் பஞ்சைத் தட்டிவிடாமல் உட்கார்ந்திருந்தவரின் கண் அவனுக்கு முன்னால் வந்தது. சாவகாசமாகப் பார்த்த கண். அவர் பார்த்தது அழுக்கை அல்ல. பார்த்துவிட்டுத்தான் கேட்டார். ஒருமுறை இல்லை, இரண்டு முறை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றும் சொன்னார். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் நின்றிருக்கிறார். குருவம்மா எழுதிக்கொடுத்ததுபோலச் சொல்லி அனுப்பிய வாக்கியத்தை அவர் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அவன் சொல்லவில்லை.

திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று பஸ் நிலையம் வரைக்கும் நினைத்தான். மூன்றாவது தடவை சொன்னால் அதை யார் நம்புவார்கள்? இரண்டு மணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஊர் தாண்டியதும் காற்று அடித்தது. மொட்டை முகத்தில் காற்று படுவது ஐந்து மாசத்துக்குப் பிறகு புதுசாக இருந்தது, குளிர்ந்தது, அந்தக் குளிர்ச்சி பிடிக்கவில்லை. இடது கை தாடைக்குப் போனது. அங்கே முடி இருந்தது, கட்டைவிரல் நகம் அளவுக்கு. குருவம்மா எண்ணெய் தடவிய முடி. மோந்து பார்த்தால் வாசம்கூட இருக்கும். இதை வைத்து ஒன்பது நாள் ஓட்டிவிட முடியுமா? மயில்சாமியின் அப்பனுக்கு யார் சொன்னார்கள்? அவர் விட்டுவைத்த ஆட்களின் வீட்டில் எல்லாம் பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததா? கேட்காமல் வந்துவிட்டான். கேட்டால் அவன், எனக்கென்னங்க தெரியும் என்றுதான் சொல்லியிருப்பான். வாசலில் நிற்கிறவள் முதலில் முகத்தைப் பார்ப்பாள். வேலையைக் கேட்கமாட்டாள். முகத்தைப் பார்ப்பாள், பிறகு ஒன்றும் சொல்லமாட்டாள். தாடையைத் திருப்பி, இங்கே இருக்கு பாரு, இங்கே கத்தி படலை என்று காட்டவேண்டும். காட்டும்போது அவள் சிரிக்கவேண்டும், அல்லது அழவேண்டும், அல்லது திட்டவேண்டும். சும்மா மட்டும் இருந்துவிடக்கூடாது. பல்லடம் தாண்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அவன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பல்வலிங்களா, கிராம்பு இருக்குது தரட்டுங்களா என்று கேட்டார். பெருமாள்சாமி இல்லை என்று தலையாட்டினான். அதோடு விட்டிருக்கலாம். “ஊர்ல என் சம்சாரம் மாசமா இருக்கா” என்றான். கேட்டதற்கும் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று பெரியவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு எத்தனாவது மாசம் என்று விசாரித்தார். ஏழு என்றான். நல்லபடியா ஆகும் என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். பெருமாள்சாமி கையை எடுக்கவில்லை. திருமங்கலம் வந்து, சாத்தூர் வந்து, கரிசல் மண் வாசம் ஜன்னலில் ஏறிய பிறகும் அது அங்கேயேதான் இருந்தது.